அப்பாயி கோழிக்கு வைத்த பேர்

அப்பாயியிடம் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டைக் கோழி இருந்தது. முட்டை இடும் இடத்தை யாருக்கும் காட்டாது. லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்குக் கீழே தேயிலைக்குள் போய் இட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வாசலில் வந்து நிற்கும். "அறுதலி, எங்கடி போட்டுட்டு வந்த?" என்று அப்பாயி அதைக் கேட்பார். விடாமல் பெய்யும் மழைக்கும் அதே பேர்தான். "அறுதலி மழை, கொழுந்தெடுக்க விடுதா பாரு." ஈர விறகு, பற்றாத அடுப்பு, காலில் ஏறிய அட்டை, பாதி வழியில் அறுந்துபோன கூடைக் கயிறு, எல்லாமே அப்பாயிக்கு அறுதலிதான்.

அதனால் சொல்பேச்சுக் கேட்காத எதற்கும் அறுதலி என்று பேர் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ஒரு காம்பரா (அறை), ஒரு இஸ்தோப்பு (முன்விறாந்தை). அதற்குள் அப்பாயி, அப்பா, அம்மா, நான், தம்பி.

எனக்கு எட்டு வயது. 1993ஆக இருக்க வேண்டும். அப்பாயி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். தேங்காய்ப்பூவில் ஒரு பிடி கேட்டு எவ்வளவோ கெஞ்சினேன், தரவில்லை. "தா அறுதலி" என்றேன். கோழியிடம் அப்பாயி பேசுகிற அதே செல்லத்தோடுதான் சொன்னேன்.

மாவுக்குள் அப்பாயியின் கை அப்படியே நின்றது. அம்மா எழுந்து வந்து அகப்பைக் காம்பால் முதுகில் ஒன்று வைத்தார். அப்பாயிதான் தடுத்தார். "விடு. புள்ளைக்கு என்னா தெரியும். ஊரே கூப்புட்ட பேருதான." பிறகு மாவை உருட்டத் தொடங்கினார். ஒரே உருண்டையை ரொம்ப நேரம் உருட்டிக்கொண்டே இருந்தார்.

அன்று ராத்திரி கம்பளிக்குள் வைத்துத்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற கதையா என்று அவர் பார்க்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, சொன்னார்.

தாத்தா இறந்தது 1974இல். மாவுப் பஞ்சக் காலம். தோட்டங்களில் கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்று சனங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த வருஷம். அப்பாயிக்கு முப்பத்து நாலு வயது, மூன்று பிள்ளைகள். என் அப்பாதான் மூத்தவர். பதினாறாம் நாள் விடியும் முன்னே, தோட்டத்தில் ஏற்கெனவே தாலி இழந்திருந்த நாலு பெண்கள் வந்து அப்பாயியைக் கெசல்கமு ஓயாவுக்கு அழைத்துப் போனார்கள். கட்டுக்கழுத்திகள் யாரும் பார்க்கக்கூடாது என்று லயத்தில் எல்லாக் கதவையும் சாத்தியிருந்தார்கள். ஆற்றங்கரையில் வைத்துக் கடைசித் தடவையாகப் பூ வைத்து, பொட்டு வைத்து, கை நிறைய வளையல் போட்டுவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். வளையலைக் கல்லில் தட்டினார்கள். தாலிக்கயிற்றை அறுத்து, கொண்டுபோன செம்புப் பாலில் போட வேண்டும். கயிறு அறுபடவில்லை. ஆடிப்பெருக்குக்கு மாற்றிய கயிறு, அவ்வளவு உறுதி. ஒருத்தர் லயத்துக்குத் திரும்பிப் போய்க் கத்தி எடுத்து வந்தார். எடுத்து வந்தது தாத்தா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற, அதாவது கத்தரிக்கிற கத்தி.

"பின்கழுத்துல அது சில்லுன்னு பட்டுச்சு பாரு. மத்ததெல்லாம் மறந்துபோச்சு. அது மட்டும் இன்னும் இருக்கு" என்று என் கையைப் பிடித்துத் தன் கழுத்துக்குப் பின்னால் வைத்துக் காட்டினார்.

கோடி போடப் பிறந்த வீட்டில் யாரும் இல்லை. கணவனை இழந்தவளுக்கு உடன்பிறந்தவன் கோடிச் சேலை கொண்டு வந்து போர்த்த வேண்டும் என்பது முறை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானதே, அந்தக் கணக்கில் அப்பாயியின் இரண்டு தம்பிகளும் குடும்பத்தோடு போய்விட்டார்கள். ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி. ஒப்பாரிக் கோச்சி என்று எங்கள் பக்கம் பேர் வாங்கிய அந்த ரயிலில்தான். ஒருவர் கோத்தகிரியில், மற்றவர் கூடலூரில். தந்தி அடித்தும் என்ன, வர முடியுமா? நாலாம் லயத்துப் பெரியவர் ஒருவர், சொந்தமும் இல்லை, எங்கள் சாதியும் இல்லை, "நான் அண்ணன்மாதிரி நிக்கிறேன்" என்று ஒரு வெள்ளைச் சேலையோடு வந்து நின்றாராம். அப்பாயி சாகும் வரை அந்த வீட்டுக்குத் தீபாவளிப் பலகாரம் முதலில் போகும்.

நான் இப்போது ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். சொற்களைப் பிரித்துப் பார்ப்பது தொழில் ஆகிவிட்டது. அறுதலியைப் பிரித்தால் அறு, தாலி. தாலியின் நெடில் பேச்சில் குறுகித் தலி ஆகிவிட்டது. லயத்தில் இதையே விரித்துத் "தாலியறுத்தவ" என்பார்கள். அந்த வினையைக் கொஞ்சம் கவனியுங்கள். அறுத்தவள். கத்தியைப் பிடித்தது வேறு கை, கழுத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இவள். ஆனால் சொல் இவளைத்தான் எழுவாய் ஆக்குகிறது. அறுக்கப்பட்டவள் என்று ஒரு பேச்சுக்குக்கூட யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "புருசன முழுங்கினவ" என்ற வசைக்கும் இதே இலக்கணம்தான். செத்தது அவன், செய்தது இவள்.

இது தனிச்சொல்லும் அல்ல, ஒரு குடும்பமே இருக்கிறது. கம்மனாட்டி என்று ஆண்களைத் திட்டுகிறோமே, அதன் அடியில் இருப்பது கைம்பெண்டாட்டி. பேச்சில் தேய்ந்து தேய்ந்து அடையாளம் தெரியாமல் போய்விட்டது. முண்டை என்பது தலை மழிக்கப்பட்டவள். முண்டனம் என்ற சொல்லோடு சேர்ந்தது. மொட்டச்சியும் அதே. தலை மழிக்கிற வழக்கம் எங்கள் தோட்டத்தில் யாருக்கும் நினைவு தெரிந்து இல்லை. சொல் மட்டும் கப்பலேறி வந்து இங்கே லயத்தில் குடியிருக்கிறது. அம்மாமார் பெற்ற மகளையே "எங்கடி போன முண்ட" என்று கூப்பிடுகிறார்கள். என் அம்மாவும் கூப்பிட்டிருக்கிறார். பாசத்தோடுதான். ஆனாலும் ஆறு வயதுப் பெண்ணை நீ தலை மழித்த கைம்பெண் என்று அழைக்கிறோம் என்பதை ஒரு தடவை நினைத்துப் பார்த்தால் வாயில் வருமா?

வழக்கம் எவ்வளவு பழையது என்றால், புறநானூற்றின் 261ஆம் பாட்டிலேயே இருக்கிறது. விருந்தினர் நிறைந்திருந்த தலைவனின் வீடு அவன் இறந்த பின் பொலிவிழந்து கிடக்கிறது. ஆவூர் மூலங்கிழார் அதைத் தலை மழித்த கைம்மைப் பெண்ணுக்கு ஒப்பிடுகிறார். அங்கே அவளுக்கு அவர் வைக்கும் சொல் கழிகல மகடூஉ, அணிகலன் களைந்த பெண். கொடுமை அப்போதும் இருந்திருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை வைத்து யாரும் யாரையும் திட்ட முடியாது. சொல்லிப் பாருங்கள், வாய் திட்டுக்கு வளையாது.

ஆணுக்கு என்ன சொல்? தொல்காப்பியத்தில் இருக்கிறது. காதலியை இழந்தவன் நிலை தபுதார நிலை, காதலனை இழந்தவள் நிலை தாபத நிலை. தபுதாரன் என்று இன்றைக்கு யாரையாவது கூப்பிட்டால் ஏதோ பட்டம் என்று நினைத்து நன்றி சொல்வார். மனைவியை இழந்த ஆணை லயத்தில் "பாவம், பொண்டாட்டி செத்துப்போச்சு" என்பார்கள். அது ஒரு வாக்கியம். பேர் அல்ல. ஒட்டிக்கொள்ளாது. அடுத்த தையில் அவருக்கு வேறு பெண் பார்க்கவும் ஆள் இருக்கும்.

அப்பாயிக்கோ பேர் ஒட்டிக்கொண்டது. மலையில் கொழுந்து குறைந்தால் கங்காணி "அறுதலிகளா, கையிருக்கா இல்லையா" என்று எல்லாரையும் பார்த்துத்தான் கத்துவாராம். ஆனால் அந்தச் சொல் வந்ததும் நிரையில் நிற்கிற மற்றப் பெண்கள் ஒரு தடவை அப்பாயியைத் திரும்பிப் பார்ப்பார்களாம். கத்தலை விட அந்தத் திரும்பிப் பார்ப்பதுதான் வலித்தது என்றார். தண்ணீர் பிடிக்கிற பீலியில் சண்டை வந்தால் எதிராளிக்கு வேறு ஆயுதம் தேவைப்படாது. என் அப்பா வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்களத்துக்குப் பேர் கொடுக்கப் போன முதல் நாள், "அறுதலி மகன் வந்துட்டான்" என்றே கணக்கில் ஏறினார். அப்போது பெண்ணுக்கு நாட்சம்பளமும் குறைவு. அதே மலை, அதே மழை, அதே நேரம். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. 1984இல்தான் அது சமமானது. அதற்கு முந்திய பத்து வருஷம் அப்பாயி அந்தக் குறைந்த சம்பளத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். தோட்டத்தில் எந்த நல்ல காரியத்துக்கும் முன்வரிசையில் நின்றதில்லை. நான் பெரியபிள்ளையானபோது நடந்த சடங்கில், சமையல் முழுவதும் அப்பாயி கைதான். தண்ணீர் ஊற்ற ஏழு பேர் வரிசையாக வந்தார்கள். அப்பாயி கதவு நிலைக்குப் பின்னால் நின்று, இடுக்கு வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வா என்று கூப்பிட எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

இதை எல்லாம் செய்த அதே சனங்கள்தான் மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடினார்கள் என்பது எனக்கு இன்று வரை பிடிபடவில்லை. மலையகத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பம் நட்டு, தப்பு முழங்க, இரவு இரவாக மதனும் ரதியும் லயம் லயமாக ஆடி வருவார்கள். சிவனின் நெற்றிக்கண் மதனை எரித்துவிடும். அப்புறம் ரதியின் புலம்பல். ரதி வேசம் கட்டியவர் எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிற ஒரு மாமா. முரட்டு ஆள். ஆனால் அந்த ராத்திரி தலையை விரித்துப் போட்டு மண்ணில் விழுந்து அவர் அழும்போது, பனிக்குள் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கும் முழுத் தோட்டமும் அழும். கங்காணி அழுவார். பீலியில் அப்பாயியை ஏசிய அக்கா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைப்பார். அப்பாயி மட்டும் அழ மாட்டார். தொலைவில், வெளிச்சம் படாத இடத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். மூன்றாம் நாள் மதனை உயிர்ப்பித்துவிடுவார்கள். ஒரு தடவை நான், "ஏன் அப்பாயி நீங்க அழல?" என்று கேட்டேன். "அவளுக்குத்தான் புருசன் திரும்பி வந்துருவானே" என்றார்.

போன வருஷம் எங்கள் பாடசாலை மைதானத்தில் ஏழாம் வகுப்புப் பையன்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கைக்கு வந்த பந்தை ஒருவன் விட்டுவிட்டான். பந்து போட்டவன் கத்தினான்: "டேய் அறுதலி மகனே!" கத்தியவனை எனக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய அப்பா இறந்து மூன்று வருஷம். அம்மா கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார், அவன் அம்மாயியோடு இருக்கிறான்.

எல்லார் முன்னாலும் கேட்கவில்லை. இடைவேளை முடிந்து தண்ணீர்க் குழாயடியில் தனியாகக் கூப்பிட்டு, "அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?" என்றேன். "மக்குன்னு அர்த்தம் டீச்சர்" என்றான். எனக்கு எங்கள் கோழி ஞாபகம் வந்தது. தாலி அறுத்தவங்க மகன் என்று அர்த்தம், புருசன் செத்துப்போனவங்களைத் திட்டுகிற சொல் என்று சொன்னேன். தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கி மூடினான். பிறகு, "அப்ப எங்கம்மாவா டீச்சர்?" என்றான்.

உங்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? எனக்கு வந்தது இவ்வளவுதான்: "உங்கம்மா பேரு என்ன?" பேரைச் சொன்னான். "அதான் உங்கம்மா பேரு. வேற பேரு ஒண்ணும் கிடையாது" என்றேன். போதுமா என்று தெரியாது. அவன் வகுப்புக்கு ஓடிவிட்டான்.

பிரதேச செயலகப் படிவங்களில் இப்போது பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று எழுதுகிறார்கள். நல்ல சொல். முதல் தடவை அதைப் படிவத்தில் பார்த்தபோது, அப்பாயி உயிரோடு இருந்தால் வாசித்துக் காட்டியிருப்பேன் என்று நினைத்தேன். ஆனால் படிவத்துச் சொல் லயத்துக்கு வர நாளாகும். வாய்க்கு அது நீளம். அதற்குள் பழைய சொற்களை நாமாகத்தான் கீழே வைக்க வேண்டும். சிரமமான வேலை, ஏனென்றால் அவை நம் பேச்சில் எங்கெல்லாம் ஒளிந்திருக்கின்றன! ஒருத்தர் ஓயாமல் தொல்லை கொடுத்தால் "தாலிய அறுக்காத" என்கிறோம். ஆண்களும் ஆண்களிடம் சொல்கிறார்கள். நான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். நிறுத்திவிட்டேன். இப்போது "உயிர எடுக்காத" என்கிறேன். உயிர் எல்லாருக்கும் இருக்கிறது.

அப்பாயி 2009இல் போய்ச் சேர்ந்தார். 2019இல் அப்பா.

அப்பாவின் பதினாறாம் நாளுக்கு முதல்நாள் ராத்திரி, அத்தை செம்பும் பாலுமாக வந்தார். அத்தையும் கணவரை இழந்தவர். இந்தக் காலத்தில் ஆற்றுக்குப் போவதில்லை, வீட்டுக்குப் பின்னால் குழாயடியிலேயே முடித்துவிடுகிறார்கள். நானும் தம்பியும் வேண்டாம் என்று நின்றோம். பெரியவர்கள் விடவில்லை. "கழுத்துல கெடந்தா போனவருக்கு வழி கெடைக்காதும்மா" என்றார் அத்தை. கோபத்தில் சொல்லவில்லை, உண்மையிலேயே தன் அண்ணனுக்காகப் பயந்துதான் சொன்னார். வாக்குவாதம் நடுச்சாமம் வரை போனது.

விடியற்காலையில் அம்மா தானாக எழுந்து பின்னால் போனார். படியில் உட்கார்ந்தார்.

"யாரும் அறுக்க வேணாம். போன ஆடியில மூணு முடிச்சும் நான்தான் போட்டேன். எனக்கு அவுக்கத் தெரியும்."

கயிற்றை முன்னால் இழுத்துக்கொண்டு முடிச்சைத் தேடினார். மஞ்சளும் வியர்வையும் சேர்ந்து இறுகிப்போன முடிச்சு. முப்பத்தைந்து வருஷம் கொழுந்து கிள்ளிய விரல், நகத்தில் கறுப்புக் கறை. அந்த நகத்தை முடிச்சுக்குள் விட்டு நெம்பினார். வரவில்லை. எச்சில் தொட்டுத் திரும்பவும் நெம்பினார். யாரும் பேசவில்லை. கத்தி என்று யாரோ முனகியதற்கு அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இருட்டில் சரியாகத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் வந்து அம்மாவின் விரலில் விழுந்தது. அத்தை டோர்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதல் முடிச்சுக்கு ரொம்ப நேரம் எடுத்தது. மற்ற இரண்டும் சீக்கிரம் வந்துவிட்டன. அம்மா கயிற்றைப் பாலில் போடவில்லை. என் உள்ளங்கையில் வைத்தார். சூடாக இருந்தது.

எல்லாரும் உள்ளே போன பிறகு அத்தை குழாயடியில் கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "எனக்கு அறுத்தாங்க."

தம்பி கட்டாருக்குப் போகக் காசு தேவைப்பட்டபோது தாலியையும் குண்டுமணிகளையும் ஹட்டனில் அடகு வைத்தோம். கயிறு அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது. நீளம் குறையாமல், மூன்று இடத்தில் முடிச்சு இருந்த வளைவு மட்டும் தெரிகிறது. மற்றதைச் சித்திரைக்குள் மீட்டுவிடலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறான்.